ஒரே பெஞ்சில் இரண்டு பேர், நடுவில் நான்

போதை மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர் வேலை என்பது, நம்மைக் கண்டாலே எரிச்சல்படுகிறவர்களிடம் நாள் முழுக்கச் சிரித்த முகமாகப் பேசுவது. வங்கிக் கவுண்டரிலும் பள்ளிக்கூடத்திலும் காலம் தள்ளுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செல்போன் பரவாத அந்த நாட்களில், மதுரை கே.கே. நகரில் ஒரு சின்ன மையத்தில் நான் பட்ட பாடு இது.

ஒரு பாட்டில் போதும்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் டாக்டர் குடும்பத்தாருக்கு வகுப்பு எடுப்பார். "ஆக்சிடோசின்னு ஒரு ஹார்மோன் மூளையில சுரக்குது. தாய் பால் கொடுக்கும்போது வரும். பிடிச்சவங்களோட உக்காந்து பேசினாலும் வரும். அதனாலதான் அந்தப் பேச்சு இனிக்குது. போதை அந்த இனிப்பை மறக்கடிச்சிருது. மனுஷங்க மறுபடி இனிச்சா போதை ஊசி மேல உள்ள வெறி குறையலாம். எலிகள்ல பார்த்திருக்காங்க, மனுஷங்ககிட்ட இன்னும் முழுசாத் தெரியலை" என்றார்.

பத்மா எழுந்தார். அவர் கணவர் ஜெகநாதன் ஜவுளிக்கடை விற்பனையாளர். கால் முறிந்தபோது போட்ட வலி ஊசியை, கால் சரியான பிறகும் விடாதவர். பத்மா கேட்டார்: "அந்த மருந்தைத்தான சார் எனக்குப் பிரசவத்துல டிரிப்புல ஏத்துனாங்க? அவருக்கும் ஒரு பாட்டில் ஏத்தி விட்ருங்க. உக்காந்து பேசவெல்லாம் என்னால ஆகாது."

பரோட்டா பரிசோதனை

ஜெகநாதனின் ஊசிக் கூட்டாளி ஒருவர் மாட்டுத்தாவணியிலிருந்து பரோட்டா பொட்டலத்தோடு வந்தார். வெளியிலிருந்து வரும் சாப்பாட்டைச் சோதிப்பதும் என் தலையில்தான். சால்னாவைக் கரண்டியால் துழாவினேன். பரோட்டாவை அடுக்கடுக்காகப் பிய்த்தேன். உள்ளே ஒரு குட்டி மருந்துக் குப்பி!

ஆளை வெளியே அனுப்பினேன். ஆனால் அவரைக் கண்டதும் ஜெகநாதன் முகம் மலர்ந்ததே, அது நடிப்பில்லை. நல்ல சகவாசம், கெட்ட சகவாசம் என்றெல்லாம் ஹார்மோன் பார்க்காது போலிருக்கிறது. எனக்கு அது உறுத்தியது. வாசலில் அந்த ஆள் திரும்பிக் கேட்டார்: "நான் வரக் கூடாது, சரி. பொண்டாட்டியும் பேச மாட்டேங்குது. அப்ப மாப்ள யார்கிட்டத்தான் மேடம் பேசுவான்?"

தபால் வேலை

பேச மாட்டேன் என்ற பத்மா, பார்வையாளர் நேரத்துக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார். கணவர் பெஞ்சின் அந்த முனையில், இவர் இந்த முனையில். "சாப்பிட்டாரான்னு கேளுங்க மேடம்." கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறவரிடம் நான் கேட்பேன். "சாப்பிட்டேன்னு சொல்லுங்க மேடம்." சொல்வேன். "எம்புட்டு இட்லின்னு கேளுங்க."

ஒரு நாள் எனக்கே பொறுக்காமல் டீ குடிக்கக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்மா கோபமாகச் சொன்னார்: "நீங்க பாட்டுக்குப் போயிட்டா நாங்க எப்படி மேடம் பேசுறது?"

எனக்குப் புரியாத திட்டு

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. "வீட்டுல பேச்சுத்துணை இல்லைன்னா, அந்தப் பரோட்டாக்காரர்கிட்டயே போயிருவாரு" என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அதேபோல் ஜெகநாதன் பையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவகிட்ட சொல்லுங்க மேடம். நான் வீட்டுக்கு வரலை. வில்லாபுரத்துல கூட்டாளி ரூமுக்குப் போறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பத்மா எழுந்துவிட்டார். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரா மொழி. என் வழியாக நடந்த பேச்சு அத்தனையும் தமிழ். அன்று பத்மா நேராகக் கணவரின் முகத்தைப் பார்த்துத் தங்கள் மொழியில் கொட்டித் தீர்த்தார். அடிதடி என்று நினைத்துக் காவலாளி ஓடி வந்தார். வில்லாபுரம் என்பதைத் தவிர எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. பத்மா பையைப் பிடுங்கிக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தார்.

ஜெகநாதனுக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "என்னங்க சொல்றாங்க?" என்று பதறினேன். "திட்டுறா மேடம், என்கிட்டயே பேசித் திட்டுறா! வீட்டுக்குத்தான் போறேன், வாரேன் மேடம்!"

ஒரு வார்த்தைகூடப் புரியாமல் நான் வெற்றிகரமாக நடத்தி முடித்த ஆலோசனை, என் பணிக்காலத்திலேயே அது ஒன்றுதான்.