கீனனுக்காக அமைத்த மெட்டு

டெட்ராய்ட் நகரின் கிழக்குப் பக்கத்தில் கல்யாணமோ சாவோ, ரேமன்ட் ஹாலிஸின் சாக்ஸபோன் அங்கே இருக்கும். பகலில் நகரப் பேருந்து ஓட்டுவார். அறுபதை நெருங்கும்போதுதான் சொந்தமாக ஓர் ஆல்பம் வெளியிட வாய்த்தது. மனதை வருடிவிடும் மென்மையான ஜாஸ். ஒவ்வொரு மெட்டும் வீட்டு மனிதர் ஒருவரை நினைத்து அமைத்தது. கடைசி மெட்டு மகன் கீனனுக்கு.

கீனன் சிறையில் இருந்தான். மதுக்கடைச் சண்டையொன்றில் அவன் அடித்தவன் பிழைக்கவில்லை. அதைப் பற்றி ரேமன்ட் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

வானொலிப் பேட்டியில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் மோனா கேட்டாள்: "அந்தக் கடைசி மெட்டு ஏன் சார் இப்படி அழ வைக்குது?"

"அது என் பையனுக்கும்மா. அவனை... இழந்துட்டேன்."

மோனாவின் கண்கள் கலங்கின. திருத்திச் சொல்ல நினைத்தவர், தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் பேருந்தில், பேட்டியைக் கேட்டிருந்த ஒரு மூதாட்டி அவர் கையைப் பிடித்து அழுதுவிட்டு, பீச் பழம் வைத்துத் தான் சுட்ட இனிப்புப் பண்டம் ஒன்றைக் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி யூனிஸ் அதைத் தொடவில்லை.

"துக்கத்துக்குக் குடுத்த பண்டம். நீங்களே தின்னுங்க."

அந்த வாரமே கீனன் சிறையிலிருந்து போனில் கூப்பிட்டான்.

"ரேடியோல வாசிக்கிறது எங்கப்பானு எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சேன்ப்பா. அப்புறம்தான் நான் செத்துப்போனது எனக்கே தெரிஞ்சுது."

"டேய், நான் அந்த அர்த்தத்துல சொல்லலடா..."

"வெக்கமா இருக்குனு சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன்." வைத்துவிட்டான்.

ஆல்பம் வெளியீட்டு விருந்தில் கடைசி மெட்டுக்கு முன் ரேமன்ட் மைக்கைப் பிடித்தார்.

"என் மகன் சாகல. ஒரு உயிரை எடுத்துட்டு ஜெயில்ல இருக்கான். வெக்கப்பட்டு அவனைச் சாகடிச்சது நான்."

தட்டுகளில் முட்கரண்டிச் சத்தம் நின்றது. முன்வரிசைத் தம்பதி தங்கள் கோட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர் வாசித்தார். நடுவில் மூச்சு உடைந்தது. நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சிறைக்குப் போனார்கள். அம்மா மட்டும் வந்தால் போதும் என்றான் கீனன். ரேமன்ட் பனி பெய்த வாகன நிறுத்தத்தில், காருக்குள் காத்திருந்தார்.

யூனிஸ் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"அன்னிக்கு நான் பேசினதைச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"தன் கையால ஒரு பையன் செத்தானே, அவங்கம்மாவுக்கு எந்தப் பாட்டுன்னு கேட்டான்."

ரேமன்ட் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தார். வண்டியைக் கிளப்பினார்.