ஐப்பசி வெள்ளியில் வைத்த சொதி

கொழும்பில் வேலை செய்யும் என் மகளுக்கு ஒரு பழக்கம். இரவுச் சாப்பாட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுத்தான் வாயில் வைப்பாள். திங்கள் பாணும் முட்டையும், செவ்வாய் கொத்து, புதன் பெயர் தெரியாத ஏதோ இலைகள். போன வெள்ளிக்கிழமை வந்த படத்தில் அடியில் ஒட்டாத அலுமினியச் சட்டி ஒன்று. அதற்குள் நூடில்ஸ், இறால், முட்டைக்கோவா எல்லாம் கட்டிப்புரண்டு கிடந்தன. "ஒரே சட்டி அம்மா, கழுவ லேசு" என்று கீழே எழுதியிருந்தாள். நானும் இங்கே குருநகரில் டொக்டர் சொன்ன ஓட்ஸ் கஞ்சியைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் ஒரே சட்டி என்ற சொல் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு காலத்தில் சட்டியை மாற்றி எடுத்ததால் என் வேலையே போகப் பார்த்தது.

அப்போது எனக்குத் தெல்லிப்பழையில் முதல் வேலை, ஆசிரியை. மீனவர் ஊரான குருநகரிலிருந்து தினமும் போய்வர பஸ்ஸை நம்ப முடியாது. அறை தேடிப் போன இரண்டு வீடுகளில் ஊரைக் கேட்டார்கள், கழுத்துச் சிலுவையைப் பார்த்து வேதக்காரப் பிள்ளையா என்று கேட்டார்கள், பிறகு அறை இல்லை என்றார்கள். மூன்றாவது வீடு தோட்டம் செய்யும் ஒரு தம்பதியுடையது. வீட்டுக்கார அண்ணை யோசித்தார். அக்காதான் குறுக்கே வந்தார். "பிள்ளைக்கு நான் பொறுப்பு" என்றார். அண்ணை ஒன்றே ஒன்று சொன்னார்: "வெள்ளிக்கிழமையிலை வீட்டுக்குள்ளை மச்சம் கூடாது." மீனும் இறைச்சியும் கூடாது என்பதுதானே, அது யாழ்ப்பாணத்தில் யாருக்குத் தெரியாது? வெள்ளிக்கிழமைகளில் மீன் விலைப்படாமல் கடலுக்குப் போகும் எங்கள் ஐயா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தலையை ஆட்டினேன்.

அக்காவின் புட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதுவதில் அர்த்தமில்லை. அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் ஓலை நீத்துப்பெட்டியில் அவிந்து கொட்டும்போது வருகிற வாசம் பள்ளிக்கூடத்தில் பட்ட அலுப்பையெல்லாம் மறக்கவைக்கும். அதற்கு ஒருநாள் மீன்குழம்பு, ஒருநாள் முருங்கையிலை வறை. சமைக்கக் குசினிக்குள் என்னை விடமாட்டார். "நீர் படிப்பிச்சுக் களைச்சு வாறீர், இரும்" என்பார். வெள்ளி மாலையானால் நான் ஊருக்குப் போய்விடுவேன். அதனால் அந்த வீட்டு வெள்ளிக்கிழமையை நான் கண்டதே இல்லை.

ஒரு ஐப்பசி வெள்ளி. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா என்பதால் நான் ஊருக்குப் போகவில்லை. இருவரும் பகல் முழுக்க விரதம் இருந்து, புட்டை அவித்து மூடிவிட்டுக் கோவிலுக்குப் போயிருந்தார்கள். பசியோடு வரப்போகிறவர்களுக்குப் புட்டோடு விட்டுச் சாப்பிடச் சொதி வைத்துக் கொடுப்போம் என்று எனக்கு ஒரு பெரிய மனசு வந்தது. குசினிக்குள் இருந்த சட்டி எடுப்பாக இல்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு மண் சட்டி கவிழ்ந்து கிடந்தது. கறுத்து, மினுங்கி, அடி கனத்து, எங்கள் அம்மாவின் சட்டியைப் போலவே இருந்தது. இருக்காதா பின்னே! அது மீன் சமைக்கிற சட்டி. சைவத்துக்கு ஒன்று, மச்சத்துக்கு ஒன்று என்று வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எல்லாச் சட்டியும் மீன் சட்டிதான். மணத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்பீர்கள். குருநகரில் பிறந்த மூக்குக்கு மீன் மணம் என்று தனியாக ஒன்று தெரியாது.

வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, தேசிக்காய்ப் புளியும் விட்டு இறக்கிவிட்டுப் பெருமையோடு நின்றேன். இருவரும் திரும்பி வந்தார்கள். அண்ணை வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். அக்கா நேரே குசினிக்குள் வந்தார்.

"அக்கா, சொதி வைச்சிட்டன்" என்றேன்.

அக்கா சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சட்டியைப் பார்த்தார். "ஓம், நல்லாக் கிடக்கு. நீர் போய்ச் சாப்பாட்டுக் கோப்பையளை எடுத்து வையும், நான் சொதியைக் கொண்டு வாறன்" என்றார்.

கோப்பைகளைத் தொட்டிருக்கமாட்டேன், குசினியில் தடாலென்று சத்தம். ஓடிப்போனேன். சட்டி நாலு துண்டு. சொதி சாம்பலோடு கலந்து ஓடிக்கொண்டிருந்தது. அண்ணையும் ஈரக்காலோடு வந்து நின்றார்.

"கை தவறிப்போச்சு" என்றார் அக்கா. "பிள்ளை ஆசையா வைச்சதை நாசமாக்கிப்போட்டன்."

அண்ணை துண்டுகளைப் பார்த்தார். "விடும். கதலிப்பழம் கிடக்குத்தானே" என்றார். அன்று மூவரும் புட்டை வாழைப்பழத்தோடும் சீனியோடும் பிசைந்து சாப்பிட்டோம். எனக்கு அக்காமேல் கொஞ்சம் கோபம்கூட இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். விடிந்ததும் அவர் குசினி முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தபோதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

திங்கட்கிழமை நான் ஊரிலிருந்து திரும்பியபோது தாழ்வாரத்தில் ஒரு புதுச் சட்டி இருந்தது. "உது மச்சத்துக்கு. உள்ளை இருக்கிறது சைவத்துக்கு. இனிக் குசினிக்குள்ளை வந்து சமையும், பாதகமில்லை" என்றார் அக்கா, வெங்காயத்தை உரித்துக்கொண்டே. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த அறையும் போயிருந்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. எனக்காக அவர் விரதநாளில் புருசனிடம் பொய் சொல்லியிருந்தார். பத்து வருசமாக மீன் சமைத்துப் பழக்கிய சட்டியையும் போட்டு உடைத்திருந்தார். புதுச் சட்டியில் வைத்த குழம்பு மூன்று மாதத்துக்கு மண் மணத்தது. அண்ணை கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

அடுத்து நான் அங்கே தங்கிய வெள்ளிக்கிழமை அண்ணையே குசினி வாசலுக்கு வந்து, "பிள்ளை, அண்டைக்கு விழுந்த சொதியை இண்டைக்கு ஒருக்கா வையுமன்" என்றார். வைத்தேன். இரண்டு தரம் விட்டுச் சாப்பிட்டார்.

பிறகு சண்டையில் அந்த ஊரே இடம்பெயர்ந்தது. அவர்கள் மகனோடு கனடாவுக்குப் போனார்கள். அண்ணை காலமான பிறகு ஒருநாள் அக்காவோடு போனில் கதைக்கும்போது, அவ்வளவு காலமும் கேட்காததைக் கேட்டேன். "அண்ணைக்குக் கடைசிவரையும் தெரியாதோ அக்கா?"

அக்கா சிரித்தார். "வாசலிலை வரேக்கையே அவருக்கு மணந்திட்டுது பிள்ளை. நான் என்ன செய்யப்போறன் எண்டு பாக்கத்தான் கிணத்தடிக்குப் போனவர். சட்டி உடைஞ்ச பிறகுதான் தனக்குச் சீவன் வந்தது எண்டு பிறகு சொன்னவர்."

போனை வைத்துவிட்டு நான் நன்றாக அழுதேன். போன வருசம் அக்காவும் போய்விட்டார். தெல்லிப்பழையில் அந்த வீடு இருந்த காணியில் இப்போது கிணறு மட்டும் இருக்கிறது.

மகளுக்கு என்ன பதில் அனுப்புவதென்று யோசித்துக்கொண்டே ஓட்ஸ் காய்ச்சிய சட்டியைக் கழுவினேன். மகள் வாங்கித் தந்த அதே மாதிரிச் சட்டி. மீனுக்கும் அதுதான், சொதிக்கும் அதுதான். கழுவ லேசுதான். சவர்க்கார நுரையில் வழுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சட்டியை யாராலும் யாருக்காகவும் உடைக்க முடியாது.