இராக்கம்மா கேட்ட மயில்

ஓடிப்போகிறவள் மாமியாரிடம் சொல்லிவிட்டா போவாள்? பட்டப்பகலில், தோட்டத்து லயத்தின் வரிசை வீடெல்லாம் பார்த்திருக்க, பஸ்ஸுக்கு நடந்து போனாள் என் மருமகள் சுலோஜனா. பதுளை ரப்பர் சீல் கடை முதலாளியோடு போய்விட்டாள் என்று வாய் கூசாமல் பேசுகிறார்கள். அந்த றவூப் நானாவின் கடையில் அவர் மனைவி ஸித்தி ஸுபைதாவும்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். இராத்திரி இவள் தங்குவது பதுளையிலேயே இருக்கும் தன் அக்கா வீட்டில். கொழும்பில் வேலை செய்யும் என் மகன் கிஷாந்தனே போ என்றுதான் சொன்னான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

எல்லாம் பக்கத்து வீட்டு இராக்கம்மாவின் மயிலால் வந்த வினை.

லயத்துக்குப் பின்னால் எல்லோரும் போஞ்சியும் கோவாவுமாகக் காய்கறி போடுகிறோம். எல்லார் மூட்டையும் ஒரே லொறியில் வெலிமடைச் சந்தைக்குப் போகும். எது யாருடையது என்று லொறி போகும் நாளெல்லாம் சண்டை. பெயர் எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு என்ன விளங்கும்? சுலோஜனாதான் பழைய செருப்பின் அடிரப்பரை பிளேடால் வெட்டி, வீட்டுக்கு ஒரு பிராணியாக சீல் செய்து கொடுத்தாள். எங்களுக்கு ஆடு. சாக்கில் அது வலப்பக்கம் பார்க்க, ரப்பரில் இடப்பக்கம் பார்த்து வெட்ட வேண்டுமாம்.

சண்டை நின்றது. சும்மா இருந்தார்களா? ஆமை என்றால் சோம்பேறியாம், எருமை என்றால் அவமானமாம். எல்லாருக்கும் யானைதான் வேண்டும். ஒரு லொறி நிறைய யானை போனால் எந்த யானை யாருடையது? அதை யோசிக்க ஆளில்லை.

இராக்கம்மா தன் சேவல் சீலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோகை விரித்த மயில் கேட்டாள்.

“சாக்குல மெல்லிசுக் கோடு நிக்காதுக்கா. மை ஊறி ஒண்ணாப் போயிரும்,” என்றாள் சுலோஜனா.

“வெட்டத் தெரியலன்னு சொல்லு. தோகையில கண்ணு அத்தனையும் வரணும்.”

கேட்டபடியே வெட்டிக் கொடுத்தாள். சாக்கில் குத்தினால் வெறும் கருப்புத் திட்டு. “கரிச்சட்டி அம்மா மூட்டை வந்திருச்சு,” என்று சந்தையில் சிரித்தார்களாம்.

அடுத்த முறை லொறி வந்தபோது, எல்லார் முன்னாலும் இராக்கம்மா அந்த சீலை அழுக்குத் தண்ணி ஓடும் கானுக்குள் வீசினாள். “பொறாமையில வேணும்னே கெடுத்துட்டா. இவ கை ராசியில்லாத கை.”

அதைக் கேட்டு மற்றவர்களும் தங்கள் சீலைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டார்கள். முயலும் ஆமையும் மழையில் கிடந்தன. அன்று சுலோஜனா ஒரு வாய் சோறு தின்னவில்லை.

சந்தையில் எங்கள் சாக்கில் இருந்த ஆட்டைப் பார்த்த றவூப் நானா, பிள்ளைகளின் கொப்பியில் குத்த டீச்சர்மார் இப்படித்தான் கேட்கிறார்கள், கடைக்கு வந்து வெட்டித் தர முடியுமா என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். என்னைத் தனியே விட்டுப் போக மாட்டேன் என்று இவள்தான் மறுத்துக்கொண்டிருந்தாள்.

சீல் இல்லாமல் போன முதல் லொறியிலேயே மூட்டைகள் மாறிவிட்டன. மறுநாள் காலை இராக்கம்மா எங்கள் வாசலில் நின்றாள்.

“கோவிச்சுக்காத சுலோ. இன்னொரு மயில் வெட்டித் தா. இந்தத் தடவ கண்ணெல்லாம் தெளிவா வரட்டும்.”

சுலோஜனா உள்ளே போய்ப் பிளேடுகளையும் நாலு துணியையும் பையில் போட்டாள்.

“அத்தை, பதுளைக்குப் போறேன். ஞாயித்துக்கெழம வாறேன்.”

போகாதே என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் பையை நான் பிடித்து இழுக்கவில்லை.

“அப்ப என் மயிலு?” என்றாள் இராக்கம்மா, வாசலை மறித்தபடி.

“கொஞ்சம் வழி விடுங்கக்கா,” என்று சொல்லிவிட்டு சுலோஜனா இறங்கிப் போனாள்.