இலையில் விழுந்த முடி

சாப்பாட்டுக் கடை நடத்துகிறவன் சோற்றுக்கு மட்டும் பதில் சொன்னால் போதாது, சோற்றில் கிடக்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் எனக்கு ஒரு சின்ன மெஸ். கல், உமி, பல்லி என்று எல்லா வழக்குக்கும் பதில் சொல்லிவிட்டேன். முடி வழக்குதான் வருசா வருசம் புதிதாக வந்துகொண்டிருந்தது. என்னைப் போலக் கடை வைத்தவர்களும், வீட்டில் குழம்பில் முடி கிடந்ததற்காகத் திட்டு வாங்கியவர்களும் இதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும்.

மாசம் தெரிந்த முடி

முடிக்கு மாசம் தெரியும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, கடையில் பார்த்தேன். சித்திரையில் யாரும் இலையில் முடி என்று கூப்பிட மாட்டார்கள். ஆடிக் காற்று அடங்கி ஆவணி பிறந்ததும் ஒன்றிரண்டு குரல் கேட்கும். புரட்டாசி, ஐப்பசியில் தினமும் பஞ்சாயத்து. தை வந்தால் தானாக ஓய்ந்துவிடும். சமைக்கிற ஆள் அதேதான், அடுப்பும் அதேதான்.

என் மனைவி இருந்தவரை அவள்தான் சமைத்தாள். புரட்டாசியில் காலையில் தலை சீவினால் சீப்பு நிறைய வரும். போர்வெல் தண்ணீரைத் திட்டுவாள், சோப்பைத் திட்டுவாள், கடைசியில் என்னைத் திட்டுவாள். தையில் நின்றதும் எல்லாவற்றையும் மறந்துவிடுவாள். ஒருநாள் உப்பு லோடு லாரி டிரைவர் ஒருவர், “உங்க முடியா பாருங்கம்மா” என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அவள் கரண்டியோடு வெளியே வந்து அவர் தலையை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இந்த மாசம் ஊர்ல எல்லாத் தலையும் கொட்டுது, என் தலைய மட்டும் ஏன் பாக்குறீக?”

கண்ணாடி முன்னால் ஒரு மாநாடு

கை கழுவும் இடத்தில் ஒரு கண்ணாடி உண்டு. ஆணியில் நூல் கட்டி ஒரு சீப்பும் தொங்கும். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வருகிறவர்கள் முகம் கழுவித் தலை சீவிச் சாப்பிட உட்காரட்டும் என்று மனைவி மாட்டியது. எந்த ஊர்க்காரரும் கூச்சமில்லாமல் அதில் சீவிக்கொள்வார். கண்ணாடிக்குக் கீழே கல்பலகை. கழுவிய வாழையிலைகளை அதில்தான் தண்ணீர் வடிய அடுக்கி வைப்போம்.

புரட்டாசியில் அந்த இடத்தில் கூட்டம் கலையாது. சீப்பில் வந்த முடியைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பாலவனத்தம் ஊர்க்காரர் ஒருவர் ஹெல்மெட்தான் காரணம் என்று அரசாங்கத்தைத் திட்டினார். இன்னொருவர் பாக்கெட் ஷாம்பு என்றார். உப்புக் காற்று என்றார் வேறொருவர். மாசத்தைச் சொன்னவர் யாருமில்லை. நான் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. முழுவழுக்கையான ஒரு டிராக்டர்காரர் மட்டும் நேரே போய் உட்கார்ந்து சொன்னார்: “நமக்கு எல்லா மாசமும் ஒண்ணுதான் அண்ணாச்சி, இட்லிய வைங்க.”

தொப்பி

மனைவி போன பிறகு அந்தோணியம்மாள் சமைக்க வந்தாள். அவளுடைய புருசன் படுக்கையில் இருக்கிறார். அவள் வீட்டு அடுப்பு இந்த அடுப்பை நம்பித்தான் எரிகிறது. கடையில் நாங்கள் இரண்டே பேர். சமைப்பதும் பரிமாறுவதும் அவள், கல்லாவும் இலை கழுவுவதும் நான்.

போன புரட்டாசியில் முடிப் பேச்சு அளவு மீறியது. அருப்புக்கோட்டைக்குப் போய் ஆஸ்பத்திரியில் போடுகிற மாதிரி பிளாஸ்டிக் தொப்பி வாங்கி வந்தேன். இந்த வெக்கையில் அடுப்பு முன்னால் அதைப் போட்டு நிற்பது என்ன பாடு என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவள் முகம் சுளிக்காமல் போட்டுக்கொண்டாள். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கும், முந்தானையால் ஒற்றிக்கொண்டே கிளறுவாள். முடி நின்றதா? இல்லை. அன்றைக்கும் இரண்டு இலையில் கிடந்தது. அதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு லாரி கிளீனர் தொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அண்ணாச்சி, இன்னைக்கு என்ன ஆப்பரேசன்?”

கெடு

பக்கத்து நூல்மில் சூப்பர்வைசர் ஒருவர் தினமும் எங்கள் கடையில் சாப்பிட்டுவிட்டு, மில்லில் வேலை செய்கிறவர்களுக்குப் பார்சலும் வாங்கிப் போவார். புரட்டாசியில் கறி சாப்பிடுகிற கூட்டம் பாதியாகிவிடும். அந்தப் பார்சலை வைத்துத்தான் அந்த மாசம் கடை ஓடும்.

அவர் இலையில் ஒரு முடி வந்தது. பிறகு இலையில் கட்டிக் கொடுத்த பார்சலிலும் வந்ததாம். கடை நிறைய ஆள் இருக்கும்போது அதை விரலில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். விரல் நீளம், கன்னங்கரேல் என்று இருந்தது. அந்தோணியம்மாளின் தலை பாதிக்கு மேல் நரைத்தது, அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே வரும். எனக்கோ தலையில் சீவ ஒன்றுமில்லை. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். நீள முடி அறுந்து விழாதா, நரையில்லாத முடி அவளுக்கு இல்லையா என்று மடக்கினார். சாப்பிட்டவர்கள் எல்லோரும் அவர் பக்கம் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் சற்று முன்னால் கண்ணாடி முன் நின்று முடி கொட்டுகிறதே என்று புலம்பியவர்கள். அவள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். போகும்போது அவர் அவளுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: “திங்கக்கெழமைக்குள்ள அந்தம்மாவ மாத்துங்க அண்ணாச்சி, இல்லன்னா பார்சல் வேற கடையிலதான்.”

வெறும் இலை

திங்கட்கிழமை சூப்பர்வைசர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். அவளைப் போகச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பார்சல் போனால் போகட்டும் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் தீபாவளி வரை கடையைத் திறந்து வைக்க முடியுமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் கழுவினார். கண்ணாடி முன் நின்று, நூலில் தொங்கிய சீப்பால் முன்னும் பின்னும் நிதானமாகச் சீவினார். சீப்பை இரண்டு தட்டுத் தட்டி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தோணியம்மாள் தொப்பியோடு வந்து, கல்பலகையிலிருந்து மேல் இலையை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். விரித்த உடனே அவர் விரலை நீட்டி, “பாத்தீங்களா, இன்னைக்கும்” என்று சத்தம் போட்டார்.

இலையில் முடி கிடந்தது. விரல் நீளம், கன்னங்கரேல். அதைத் தவிர அந்த இலையில் ஒன்றுமே இல்லை. நான் கல்பலகையைப் பார்த்தேன், அதற்கு நேர் மேலே இன்னும் ஆடிக்கொண்டிருந்த சீப்பைப் பார்த்தேன். பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களும் அவர் தலையைப் பார்த்தார்கள். அந்தோணியம்மாள் தொப்பியைக் கழற்றி மேஜை ஓரத்தில் வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை: “சோறு இன்னும் உலையிலதான் சார் கெடக்கு.”

சீப்பு எங்கே?

அவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டார், பார்சலை வாங்கிக்கொண்டு போனார், மறுநாளும் வந்தார். தலையாட்டிய கூட்டமும் வழக்கம்போல வந்து சாப்பிட்டது. அவள் அதற்குப் பிறகு தொப்பியைத் தொடவில்லை, பழையபடி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சமைக்கிறாள். இலைகளை நான் உள்ளே மாற்றி அடுக்கினேன், சீப்பைக் கழற்றி வைத்தேன். அன்றோடு முடி வழக்கு நின்றது.

அதற்கு யாராவது பாராட்டினார்களா என்று கேட்காதீர்கள். அந்த வாரமே, பார்சலோடு கிளம்பிய அதே சூப்பர்வைசர் கண்ணாடி முன்னால் நின்று ஆணியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: “தல சீவ ஒரு சீப்புகூட இல்லாம என்ன கடை நடத்துறீக அண்ணாச்சி?”

தலையில் இருக்கும்வரை முடி அவரவர் முடிதான், இலையில் விழுந்துவிட்டால் மட்டும் அது எந்த மாசத்திலும் சமைக்கிறவள் முடி.