ஜெபக்குறிப்பு என்று சொல்லி நான் பேசிய புறணி

"ஏட்டி, எனக்க பிள்ளையக் காணல. நீ ஜெபி. நீ ஜெபிச்சா கர்த்தர் கேப்பாரு."

போன வருஷம் கோடையில், ஒரு வியாழக்கிழமை முற்பகல், பக்கத்து வீட்டு லீலா அக்கா இப்படிச் சொல்லிக்கொண்டே என் தையல் கடைக்குள் ஓடி வந்தார். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். அக்காவின் மகள் அனிஷா காலையில் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போயிருந்தாள். போன் அணைந்து கிடந்தது. கல்யாணம் நிச்சயமான பிள்ளை. முந்தின நாள் சாயங்காலம்தான் மாப்பிள்ளையின் அம்மா போனில் கூப்பிட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

நான் முழங்கால் போட்டேன். வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. அந்தச் சம்பந்தத்தைக் கெடுத்ததே நான்தான். அது அக்காவுக்குத் தெரியாது.

விசுவாசக் குடும்பத்தாரே, இது நான் ஆண்டவரை அறியாத காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஞானஸ்நானம் எடுத்துப் பல வருஷம் கழித்து நடந்தது. அதற்கு முன்பே சீரியல் பார்ப்பதை விட்டிருந்தேன். நகைகளைக் கழற்றியிருந்தேன். வீட்டுக்காரர் கத்தாரில் இருந்ததால் வேளாவேளைக்கு ஜெபிக்க எனக்கு நேரமும் இருந்தது. ஆனால் நாக்கு மட்டும் பழைய நாக்காகவே இருந்தது. தையல் கடை என்றால் தெரியும் அல்லவா? அளவு கொடுக்க வருகிறவர்கள் மனதையும் கொட்டிவிட்டுப் போவார்கள். கேட்டதை வயிற்றுக்குள் வைத்திருக்க என்னால் முடியாது. எத்தனையோ கூட்டங்களில் முன்னால் போய் நின்று அழுதிருக்கிறேன். "ஆண்டவரே, என் வாய்க்குக் காவல் வையும்" என்று கேட்டிருக்கிறேன். மறுநாள் கடையைத் திறப்பேன், வாயும் கூடவே திறந்துகொள்ளும்.

பிறகு என் பாவம் ஒரு நல்ல உடுப்பு போட்டுக்கொண்டது. சபையில் சகோதரிகளுக்கான வாட்ஸ்அப் ஜெபக்குழுவை என் பொறுப்பில் விட்டார்கள். யாருக்காவது கஷ்டம் என்றால் நான் குரல் பதிவு அனுப்புவேன், எல்லாரும் ஜெபிப்பார்கள். அதற்கப்புறம் நான் புறணி பேசவில்லை, ஜெபக்குறிப்பு கொடுத்தேன். என்னை நானே அப்படித்தான் ஏமாற்றிக்கொண்டேன்.

அந்த வாரம் லீலா அக்கா கல்யாண ஜாக்கெட் தைக்கத் துணி கொண்டுவந்தபோது கண் கலங்கினார். அனிஷாவுக்குச் சின்ன வயசிலிருந்தே வலிப்பு உண்டாம். மாத்திரை தவறாமல் போட்டால் ஒன்றும் வராது. குவைத்தில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்த பிள்ளை, மாப்பிள்ளையிடம் அவளே ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. "எங்க அம்மாகிட்ட நான் பக்குவமா சொல்லுகேன், அதுவரை வெளியே தெரிய வேண்டாம்" என்றாராம்.

"உன்கிட்ட மட்டும்தான் மக்கா சொல்லுகேன். மனசுல வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார் அக்கா.

மறுநாள் காலையில் நான் குழுவில் பேசினேன். பெயர் சொல்லவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்! இரணியல் ஸ்டேஷன் பக்கம், குவைத்திலிருந்து வந்த நர்ஸ் பிள்ளை, மார்த்தாண்டத்தில் மாப்பிள்ளை, வலிப்பு நோய், மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியாது, பாரத்தோடு ஜெபியுங்கள் என்றேன். இனி ஆதார் எண் ஒன்றுதான் பாக்கி. கைகூப்பிய படங்களும் ஆமென்களும் வந்து குவிந்தன. எனக்குத் திருப்தியாக இருந்தது. குழுவில் இருந்த ஒரு சகோதரி மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம். அன்று சாயங்காலத்துக்குள் என் குரலே மார்த்தாண்டம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது அந்தத் தாய் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "யாரு போய்ச் சொன்னாவளோ, அவளுக்க நாக்கு அழுகிப் போவும்" என்று அழுகிறார். நான் முழங்காலில் இருக்கிறேன்.

சொல்லாமல் தப்பிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. உண்மையாகச் சொல்கிறேன், வந்தது. பிள்ளை திரும்பி வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அப்போதுதான் அக்கா சொன்னார்: "காலையில போட வேண்டிய மாத்திரை அப்படியே மேசையில கெடக்கு. ராத்திரியும் போடல. ஒரு பொட்டு கண்ணசரல."

மாத்திரை இல்லை, தூக்கம் இல்லை, அந்த வெயில். ரோட்டிலோ ரயில் பாதையிலோ எங்கே விழுந்தால் யார் பார்ப்பது? உடனே ஆள் தேட வேண்டும். தேடுகிறவர்களுக்கு வலிப்பைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஊர் ஊராக அத்தனை பேரிடம் சொல்ல என் கையில் இருந்த ஒரே வழி அந்தக் குழுதான். அந்தக் குழுவில் பேச வேண்டுமென்றால் முதலில் அக்காவிடம் நான் வாயைத் திறக்க வேண்டும்.

"அக்கா, நான்தான். ஜெபக்குறிப்புன்னு நான்தான் குரூப்ல சொன்னேன்."

அக்கா அடிக்கவில்லை. என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நீயா?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்தது.

"அக்கா, திட்டணும்னா பிறகு திட்டுங்க. இப்ப அதே குரூப்ல பிள்ளையத் தேடச் சொல்லணும். பேரு சொல்லணும், படம் போடணும், நோயையும் சொல்லணும். சொல்லட்டா?"

அடுத்தவர் காரியத்தைச் சொல்வதற்கு முன் அவர்களிடம் நான் உத்தரவு கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சொல்லு" என்றார் அக்கா. "விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொல்லு. சாவியும் கம்பியும் கையில திணிக்க வேண்டாம்ன்னு சொல்லு. வாயில ஒண்ணும் ஊத்தப்படாது."

போனை எடுத்துக் குழுவில் பேசினேன். "சகோதரிகளே, நேற்று நான் கொடுத்தது ஜெபக்குறிப்பு அல்ல, நான் செய்த பாவம். என்னை நம்பிச் சொன்னதை வெளியே விட்டேன். அதனால் ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டாள்" என்று தொடங்கி, அக்கா சொன்னதெல்லாம் சொன்னேன். படத்தையும் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஜெபம் வந்தது. "ஆண்டவரே, என் மானம் போனால் போகட்டும். இந்தப் பிள்ளை விழுவதற்கு முன்னால் யாரையாவது அவள் பக்கத்தில் அனுப்பும்." இவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. சிலர் என்னைக் கண்டபடி ஏசினார்கள். பாஸ்டரின் மனைவி அழுதுவிட்டு வைத்தார். அக்காவின் வீட்டுக்காரர் ரயில் ஸ்டேஷனில் பார்த்துவிட்டு இல்லை என்றார். தக்கலை பஸ் ஸ்டாண்டில் இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். நானும் எழுந்திருக்கவில்லை.

மதியம் தாண்டி ரெஜினா என்கிற சகோதரியிடமிருந்து அழைப்பு வந்தது. முட்டத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறவர். குழுவில் ஒரு நாளும் வாய் திறக்காதவர்.

"சிஸ்டர், பிள்ளை எனக்க மடியிலதான் கெடக்கு. பயப்படாண்டாம், உயிரோட இருக்கு."

ரெஜினா கடையை அடைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்து தேடியிருக்கிறார். பாறையின் விளிம்பில் அனிஷா உட்கார்ந்திருந்தாளாம். பேச்சுக் கொடுத்து, கையைப் பிடித்துக் கொஞ்சம் உள்ளே இழுத்து உட்காரவைத்த கொஞ்ச நேரத்துக்குள் வலிப்பு வந்துவிட்டது. கூடிய ஆட்களில் ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடி வந்திருக்கிறார். "பிள்ளைக்க அம்மை சாவி வேண்டாம்ன்னு சொல்லிவிட்டிருக்கு" என்று ரெஜினா அவரைத் தள்ளி நிறுத்திவிட்டு, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார். கீழே அலை அடித்துக்கொண்டிருந்தது என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் தரையில் விழுந்து அழுதேன். தேவன் கேட்டார். விழுவதற்கு முன்னால் ஆள் அனுப்பினார். ஸ்தோத்திரம்!

பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாப்பிள்ளை அன்றைக்கே அங்கே வந்துவிட்டார். அவருடைய அம்மாவின் மனசு ஆற மாதங்கள் ஆயின, கடைசியில் கல்யாணமும் நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம். சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். குழுவின் பொறுப்பை ரெஜினாவிடம் கொடுத்தேன். லீலா அக்கா இப்போது பேசுகிறார், ஆனால் அளந்துதான் பேசுகிறார். அதுவும் நியாயம்தான்.

இந்தச் சாட்சியை எழுதலாமா என்று அனிஷாவிடம் போய்க் கேட்டேன். "இப்பவாவது கேட்டியளே" என்று சிரித்தாள். "பேரயும் ஊரயும் மாத்திப் போடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.

பாவம் என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கிறிஸ்மஸ் சமயத்தில்கூட ஒரு சாவு வீட்டில் பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, எதிரே இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு மீதிக் கதை தெரியாத வருத்தம். முன்பெல்லாம் விழுந்தால், நான் இரட்சிக்கப்பட்டதே பொய்யோ என்று படுத்துவிடுவேன். இப்போது எழுந்து ஆண்டவரிடமே ஓடுகிறேன். விசுவாசத்துக்கு வந்த பிறகும் ஏதோ ஒன்று உங்களை விடாமல் இழுக்கிறதா? அதற்கு நல்ல பெயர் வைத்து மறைக்காதீர்கள். அதன் சொந்தப் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். என்னைத் தள்ளாதவர் உங்களையும் தள்ளமாட்டார்.

இந்த வாரமும் கடையில் ஒருவர் என்னிடம் ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உங்களுக்கு எழுத வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. எழுதமாட்டேன். ஜெபக்குறிப்பு ஒன்று கேட்டால், என் பெயரையே தருகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.