செப்புக்குடத்து ரயில்

மீரா சாகிப்பின் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. தொண்டை வரை வரும். அங்கேயே திரும்பிப் போய்விடும். அதற்குப் பதிலாக “ஆகட்டுங்க” என்று ஒன்று வெளியே வரும். தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்றாலும் அவர்தான். ஒரு பெருநாள் அன்று புதுச்சட்டையோடு அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்ற மனுஷன். தங்கமானவர் என்று ஊர் சொல்லும். தங்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அவர் ஊருக்குத் தங்கமாக இருக்கும் நேரமெல்லாம் வீட்டில் ஒருத்தி காத்துக்கிடந்தாள். அதை ஊர் கண்டுகொண்டதில்லை.

மூலனூர்ப் பக்கத்திலிருந்து இளவட்டமாகத் திருப்பூருக்கு வந்தவர். ஒரு பனியன் கம்பெனியில் அயர்னிங்கில் சேர்ந்தார். இஸ்திரி மேஜைகளுக்கு நீராவி அனுப்பும் சின்ன பாய்லர் ஒன்று அங்கே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, “பாயி, கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்குங்க” என்றார்கள். ஆகட்டுங்க என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை, தாடி நரைத்துவிட்டது. மனைவி காத்தூன் பீவியும் அதே கம்பெனியில்தான், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்தாள்.

ஒரு வருஷம் கம்பெனியில் எல்லோரையும் ஊட்டிக்கு டூர் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் பூச்செடிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இவர் குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயில் இஞ்சின் பக்கத்தில் போய் நின்றவர்தான், நகரவே இல்லை. பஸ்காரன் ஹாரன் அடித்துச் சலித்த பிறகு காத்தூன் பீவி வந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

“நம்ம பாய்லருதான் காத்தூனு, காலு மொளச்சு நடக்குது” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“அப்ப நீங்களும் ஒண்ணு செஞ்சு நடக்க உடுங்க” என்றாள் அவள். சும்மா வாய் வார்த்தையாகச் சொன்னதுதான். மனுஷன் அதையும் ஆகட்டும் என்று எடுத்துக்கொள்வார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இஞ்சின் செய்ய ஆரம்பித்தார். ஒரு முழ நீளம், மடியில் வைத்துக்கொள்ளலாம். சக்கரத்தை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார். உடைந்த நிட்டிங் மெஷின் ஊசிகளைத் தேய்த்து வால்வுக் கம்பியாக்கினார். அடியில் ஸ்பிரிட் விளக்கு, மேலே சுண்டுவிரல் அளவு புகைபோக்கி. தண்டவாளம் துண்டு துண்டாகக் கழன்று ஒரு ரெக்ஸின் பைக்குள் போய்விடும். எல்லாவற்றையும் மொபெட்டில் வைத்து எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். பாய்லருக்குத்தான் நல்ல செம்புத் தகடு வேண்டியிருந்தது. கடையில் கிடைக்கும். ஆனால் அவர் கண் பரண்மேல் இருந்த செப்புக்குடத்தின் மேல் விழுந்தது. காத்தூன் பீவியின் கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்த குடம். அவள் ஷிஃப்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து அதை வெட்டி, தட்டி, உருட்டிப் பற்றவைத்துவிட்டார். ஊரில் அத்தனை பேரிடமும் கேட்டுக் கேட்டு நடக்கிறவர் பெண்டாட்டியிடம் மட்டும் கேட்கவில்லை.

அவள் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளேதான் இறங்கி வந்தாள். “போனது போச்சுங்க. என்ற கொடம் ஓடறதையாச்சும் என்ற கண்ணுல காட்டுங்க.”

“முழுசா ஆகட்டும் காத்தூனு. அரைகுறையாக் காட்டக் கூடாது.”

கம்பெனி பாய்லர் ரூமில் வைத்துத்தான், அவள் உட்பட எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, ஓட்டிப் பார்த்துப் பழகினார். ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் செய்தி பரவிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் கண்காட்சிக்குக் கேட்டார்கள். சர்ச்சில் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி ஓடவிடக் கேட்டார்கள். பொங்கலூர்ப் பக்கம் ஒரு கோயில் நோன்பித் திருவிழாவுக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனார். எல்லாவற்றுக்கும் ஆகட்டுங்கதான். வீட்டுக்கு வந்தால் உடம்பு அசந்துவிடும்; நம் வீடுதானே, எங்கே ஓடிவிடப்போகிறது என்று தள்ளிப்போடுவார். மகள் ரைசா செல்போனில் வீடியோ எடுத்து அம்மாவுக்குக் காட்டினாள். “எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது கண்ணு” என்றாள் காத்தூன் பீவி.

அவளுக்குச் சர்க்கரை. வலது கண் போன வருஷமே போய்விட்டது. அதோடு செக்கிங் வேலையும் நின்றது. இடது கண்ணில் ஊசி போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆபரேஷன்தான் என்று கோயமுத்தூரில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில்; முந்தின நாளே வந்து சேர்ந்துவிட வேண்டும். பார்வை தங்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. கேட்டதற்கு மேஜையைப் பார்த்துக்கொண்டு, “முயற்சி பண்ணுவோம்” என்றார்.

அன்று பஸ்ஸில் வரும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அதுக்கு முன்னாடி ஒருக்கா ஓட்டிக் காட்டிருங்க. அப்புறம் எப்படியோ.”

இஞ்சினுக்கும் நேரம் சரியில்லை. பாய்லரின் அடிப்பக்கம் பற்றவைத்த இடத்தில் முடி போல ஒரு வெடிப்பு விட்டிருந்தது. ஒவ்வொரு தரம் சூடேற்றும்போதும் அது கொஞ்சம் நீளும். பிரித்து மறுபடி பற்றவைக்க ஒரு வாரமாவது ஆகும். இன்னும் ஒரு ஓட்டம் தாங்கும் என்று அவர் கைக்குத் தெரிந்தது. அதை அவளுக்கு என்று எடுத்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை உச்சி நேரத்தில், மொட்டை மாடியில். நல்ல வெயிலில்தான் அந்தக் கண்ணுக்குக் கொஞ்சம் புலப்படும்.

ஞாயிறு காலையில் முதலாளி பூபாலனிடமிருந்து போன் வந்தது.

“பாயி, ஊட்லதான் இருக்கீங்களா? நம்மகிட்டச் சரக்கு வாங்கற பையர் வெளிநாட்டுல இருந்து வந்திருக்காருங்க. உங்க ரயிலப் பத்திச் சொன்னனுங்க. பாத்தே ஆகோணும்ங்கறாரு. ஒரு பத்து நிமிஷந்தான், காரு அனுப்பறேன்.”

“மொதலாளி, இன்னிக்கு வந்துங்க…”

“ஏனுங்க, ஏதாச்சும் வேலை இருக்குதுங்களா? இருந்தா விட்டுருங்க, பரவால்ல.”

மறுக்கச் சொல்லிக் கதவைத் திறந்தே வைத்துவிட்டார் முதலாளி. ‘ஆமாங்க, இருக்குதுங்க’ என்று சொன்னால் போதும். பூபாலன் கெட்டவரில்லை, ஆபரேஷன் என்று தெரிந்தால் காரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். மீரா சாகிப்புக்கு நெற்றி வேர்த்தது.

“இல்லீங்க… ஆகட்டுங்க” என்றார்.

காத்தூன் பீவி கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். “ரயிலையும் கொண்டு போறீங்களா?”

“சும்மா காட்டறதுக்குத்தான். ஓட்ட மாட்டேன்.”

“நாளைக்கு எனக்கு ஆபரேசன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே.”

“சொன்னா அவங்க சங்கடப்படுவாங்க காத்தூனு.”

அவள் சிரித்துவிட்டாள். “ஆமா, அவங்க சங்கடப்படக் கூடாது. போயிட்டு வெரசா வாங்க.”

அயர்னிங் ஹாலில் தண்டவாளத்தைப் பூட்டி இஞ்சினை மேலே வைத்தார். பையர் தலை நரைத்த பெரிய மனிதர். பார்த்ததும் பேன்ட் அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சக்கரத்தைத் தொட்டார், ஊசிக் கம்பியைத் தொட்டார், ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக் கண் கலங்கினார். அப்புறம் நிமிர்ந்து, பற்றவைக்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினார்.

“பத்த வைங்க பாயி” என்றார் பூபாலன்.

சின்னதாக ஒரு சுற்று. ஆவி முழுசாக ஏறும் முன்னாலேயே அணைத்துவிடலாம் என்று மீரா சாகிப் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். விளக்கை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முனகியது, வால்வு சீறியது, இஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு கிளம்பியது. பாவி இஞ்சின், அன்றைக்கு ஓடியது போல ஒரு நாளும் ஓடியதில்லை. வளைவில் சாயவில்லை, திணறவில்லை. ஓவர்டைம் பார்க்க வந்த வடநாட்டுப் பையன்கள் “சலோ, சலோ” என்று கூட ஓடினார்கள். பையர் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு செல்போனில் படம் எடுத்தார். செய்தவனுக்குச் சந்தோஷம் வராமல் இருக்குமா? வந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே வெடிப்பும் நினைவுக்கு வந்தது. அணைக்கக் குனிந்தார்.

“இன்னொரு சுத்து பாயி, ஒண்ணே ஒண்ணு” என்றார் பூபாலன்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

அந்தச் சுற்றில் பாதியில் அடிப்பக்கம் பிளந்தது. வெள்ளையாக ஆவி பீறிட்டு இஞ்சினையே மறைத்தது. கொதிநீர் கொட்டி விளக்கு அணைந்தது. இஞ்சின் அப்படியே நின்றுவிட்டது. அதுவும் வேடிக்கையில் ஒரு பகுதி என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். பையர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். மீரா சாகிப்பும் சிரித்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது உச்சி தாண்டி வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வாசலில் ரைசா ஆஸ்பத்திரிப் பையோடு நின்றாள். “என்ன அத்தா இது? அம்மா எவ்வளவு நேரமா மாடியில உக்காந்திருக்குது தெரியுமா? அஞ்சு நிமிசத்துல ஆட்டோ வந்துரும். சட்டுனு காட்டிட்டுக் கூட்டிட்டு வாங்க.”

படியேறும்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் ஏறினார். மாடியில் காத்தூன் பீவி நல்ல சேலை கட்டி, முக்காடு போட்டு, பிளாஸ்டிக் சேரில் வெயிலுக்கு முகம் காட்டி உட்கார்ந்திருந்தாள். “வந்துட்டீங்களா? ஓட்டலையே அங்க?”

“இல்ல” என்றார். அது எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை.

தண்டவாளத்தை அவள் காலடியில் பூட்டினார். இஞ்சினை வைத்தார். விளக்கு காலி, பாய்லர் காலி. தீப்பெட்டியை ஒரு தரம் உரசிச் சத்தம் காட்டினார். பிறகு மண்டியிட்டு, இஞ்சினின் பின்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் தள்ளினார். கண் மங்கினவளை ஏமாற்றுகிறோம் என்ற வெட்கத்தில் காது மடல் சுட்டது.

“ஓடுதுங்களா?”

“ஓடுது பாரு. உன்ற கொடந்தான்.”

“வீடியோவுல சத்தம் கேட்டுச்சுங்களே?”

“எண்ணெய் போட்டிருக்கறேன். அதான் சத்தம் இல்ல.”

அவள் முன்னால் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “அட, ஆமாங்க. நல்லா ஓடுது. பொகை எப்படி வெள்ளை வெளேர்னு போகுது பாருங்க!”

தள்ளிக்கொண்டிருந்த விரல் நின்றது. புகை இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை. அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். நேற்று வரைக்கும் அவர் முகத்தைத் தேடிப் பிடித்த அந்த ஒற்றைக் கண், தண்டவாளம் இல்லாத பக்கத்தில், வெறும் சிமெண்டுத் தரையில் நிலைகுத்தியிருந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை.

இந்தக் கண்ணும் எப்போது போனது? காலையில் சிரித்தாளே, அப்போது தெரிந்ததா? கார் கிளம்பிய பிறகா? அங்கே எல்லோரும் கை தட்டிய நேரத்திலா? கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

“ஆமா காத்தூனு” என்றார். “நல்லாப் போகுது.”

இஞ்சினை மறுபடி தள்ளினார். கீழிருந்து ரைசா, ஆட்டோ வந்துவிட்டது என்று கூப்பிட்டாள். அவருக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது. அவர் தள்ளிக்கொண்டே இருந்தார். அவள் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.