இடது பை

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் ரூனே அதன் போல்ட்டை உருவித் தன் கோட்டின் இடது பையில் போட்டுக்கொள்வார். பிறகுதான் உட்காருவார். யார் வீடானாலும் இதுதான் வழக்கம். ஒரு சாண் நீளமுள்ள இரும்பு உருளை அது. சுடும் ஊசி அதற்குள்தான் இருக்கிறது. அது இல்லாத துப்பாக்கி வெறும் கம்பு. "இப்ப நாம நிம்மதியா பேசலாம்," என்பார். நாற்பது வருடங்களாக இதைக் கேட்டுவரும் அவர் மனைவி மைக்கென், அந்தச் சொல் விழும்போது சரியாகத் தன் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்திருப்பாள். அவருக்கு வலக்கண் மங்கிப்போன பிறகு கார் ஓட்டுவது அவள்தான்.

வடக்கே பனி பெய்யும் இந்த யெம்ட்லாந்து மாகாணத்தில் ஒருவர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் சட்டப்படி பட்டியல் எழுதி முடிக்க வேண்டும். படகு, ரம்பம், துப்பாக்கி எதையும் விடக்கூடாது. துப்பாக்கி என்று வந்தால் ரூனேயைக் கூப்பிடுவார்கள். படைப்பிரிவை மூடும்வரை அதன் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவர். பெரும்பாலும் வருவது ஒரே வகைதான்: தொண்ணூற்றாறாம் மாதிரி ராணுவத் துப்பாக்கி, நூறு வருடத்துக்கு முந்தையது, ராணுவம் கழித்துவிட்டது. இங்கே இரண்டு வீட்டுக்கு ஒன்று கிடக்கிறது. கடைக்காரர்கள் தலை நிமிர்த்திக்கூடப் பார்ப்பதில்லை.

ரூனே பார்ப்பார். கண்ணாலல்ல, கட்டைவிரலால். குழல் தொடங்குமிடத்தில் தொழிற்சாலையின் பெயரையும் வருடத்தையும் தடவுவார். பிறகு ஒவ்வொரு உறுப்பிலும் பொறித்திருக்கும் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை, வருகைப் பதிவு எடுக்கும் வாத்தியாரைப்போல உரக்கப் படிப்பார். எல்லாம் ஒன்றாக இருந்தால் அது பிறந்தபடியே இருக்கும் துப்பாக்கி. பின்கட்டையில் ஒரு பித்தளை வில்லை திருகியிருக்கும். குழல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அன்றைய கிடங்குக்காரன் அதில் குறித்திருப்பான். ரூனே அதை நம்புவதில்லை. "அது அன்னிக்கு உண்மை. உண்மைக்கும் தேதி பாக்கணும்," என்று சொல்லி, குழலை ஜன்னல் பக்கம் நீட்டி உள்ளே பார்ப்பார். துருப்பிடித்திருந்தால், "உள்ள மழை பெஞ்சிருக்கு," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது.

அவர் வருவதற்குள் துப்பாக்கியை அழகாக்கிவைக்கும் மருமகன்கள் உண்டு. ஒருவன் கட்டை முழுக்க மணல்தாள் போட்டு இழைத்து, அதிலிருந்த கிரீட முத்திரையையே அழித்துவிட்டான். "எவ்வளவு வழவழப்பா இருக்கு பாருங்க," என்றான்.

"சவப்பெட்டிக்குத்தான்பா இவ்வளவு வழவழப்பு வேணும்."

மேசைக்கடியில் மைக்கென் அவர் காலை மிதித்தாள். இழவு வீட்டில் பேசுகிற பேச்சா.

ரூனேயிடமும் ஒரு தொண்ணூற்றாறு இருக்கிறது. அதை அவர் யாருக்கும் காட்டுவதில்லை. காரணம் மைக்கெனுக்குத் தெரியும்.

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், ஏரிக்கு அக்கரையிலிருந்த ஆல்கோட்டும் ரூனேயும் துப்பாக்கி சுடும் கழகத்தில் இணைபிரியாதவர்கள். மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து, ஆல்கோட்டின் சமையலறையில் இருவர் துப்பாக்கியையும் ஒரே செய்தித்தாளில் பிரித்துப்போட்டுத் துடைத்தார்கள். இரண்டு போல்ட்டும் அடுப்பின்மேல் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்தன. கிடங்குக்காரர் என்பதால் திரும்பப் பூட்டியது ரூனே. எண்ணைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் மாகாணப் போட்டியின் கடைசிச் சுற்றில் ஆல்கோட்டின் துப்பாக்கி, தனக்குப் பொருந்தாத போல்ட்டோடு, இரண்டு முறை வெடிக்காமல் நின்றது. அணியில் அவர் இடம் போயிற்று. வீட்டுக்குப் போய் எண்ணைப் பார்த்தவர், மறுநாள் கழகத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஆயிரம் துப்பாக்கி ஒன் கையால போகுது. மூணு எண் படிக்கத் தெரியாதா ஒனக்கு?"

"என் போல்ட் சரியாத்தான் இருக்கு. நீ எங்கயோ மாத்திட்டு என் தலையில கட்டாத."

ரூனே அப்போது தன்னுடையதைப் பார்த்திருக்கவேயில்லை. வீட்டுக்கு வந்துதான் பார்த்தார். "அறுநூத்திப் பதினேழு," என்றார் மைக்கெனிடம். ஆல்கோட்டின் எண். "நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துடறேன்." கொடுத்தால் கழகத்தில் சொன்னது பொய்யென்று ஆகும். பிறகு கிடங்கில் அவர் போடும் கையெழுத்தை யார் நம்புவார்கள்? அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. ஏரி உறைந்தால் நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான். இருவரும் அதன்பின் பேசிக்கொள்ளவில்லை.

போன அக்டோபரில் ஆல்கோட் இறந்தார். நவம்பரில் அவர் மனைவி சிக்னே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

அதே சமையலறை. அடுப்பும் அதேதான். பிற்பகல் இரண்டு மணிக்கே ஏரியின்மேல் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. அந்த ஊர் வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக் கொடுத்தாள் சிக்னே. பழைய படைவீட்டிலுள்ள அருங்காட்சியகக்காரர்கள் இந்தத் துப்பாக்கியை வாங்கிச் சுவரில் மாட்டத் தயாராம். ஆனால் எண்கள் எல்லாம் ஒன்றாக இருப்பதாக ரூனே எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், சிக்னேவிடம் உரிமம் இல்லாததால், வியாழக்கிழமை போலீஸில் ஒப்படைக்க வேண்டியதுதான். அவர்கள் உருக்கிவிடுவார்கள்.

"கீழ ஒரு சீட்டுல அவர் பேரை எழுதி வைப்பாங்களாம்," என்றாள். "கல்லறைக்கு யாரு வரப்போறா? அங்கன்னா நாலு பேர் படிப்பாங்க."

ரூனே போல்ட்டை உருவி இடது பையில் போட்டுக்கொண்டார். நிம்மதியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மைக்கென் கையுறைகளைக் கழற்ற மறந்திருந்தாள்.

கட்டைவிரல் ஒவ்வொரு உறுப்பாகப் போயிற்று. அறுநூற்றுப் பதினேழு. அறுநூற்றுப் பதினேழு. குழலிலிருந்து பின்கட்டையின் அடித்தகடுவரை அதே எண். குழலைப் பார்த்து, "ஒரு சொட்டு மழை இல்ல," என்றார். கடைசியாகப் பையிலிருந்ததை வெளியே எடுத்தார். இருநூற்று எண்பத்து நான்கு. அது எந்தத் துப்பாக்கியின் எண் என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

"போல்ட் வேற."

"தெரியும்," என்றாள் சிக்னே. "வேற வாங்கி மாத்துன்னு எத்தனையோ பேர் சொன்னாங்க. கேக்கல. வருசா வருசம் எண்ணெய் போட்டுத் தொடச்சு வச்சாரு. இன்னொருத்தர் பொருள், துருப்பிடிச்சா நல்லாருக்காதுன்னு." கெண்டியைக் கீழே வைத்தாள். "நான் போனா ரூனேயைக் கூப்பிடு, வேற யாரும் வேணாம்னாரு. சரியானது எங்க இருக்கும்னு நெனைக்கற, ரூனே?"

எங்க வீட்டுல இருக்கு. மைக்கெனின் வாயில் அந்தச் சொற்கள் தயாராக இருந்தன. இத்தனை வருடமும் இது அவருடைய பொய் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது வாய் திறக்கவில்லை. அப்படியென்றால் இதில் தன் பங்கு எவ்வளவு? அவர் முகத்தைக் காப்பாற்றவா பேசாமல் இருக்கிறாள், தன் முகத்தையா? விடை கிடைப்பதற்குள் ரூனே பேசிவிட்டார்.

"அந்தக் காலத்துல நெறைய மாறிப்போச்சு. சொல்ல முடியாது."

தாளில் எழுதினார்: போல்ட் எண் வேறு, மற்றவை சரி. கையெழுத்துப் போட்டார். எந்தப் பிசகும் இல்லாத சான்றிதழ். போல்ட்டைத் திரும்பத் துப்பாக்கியில் பூட்டினார். சிக்னே தாளைப் படிக்கவில்லை.

"காபியைக் குடி. ஆறிப்போகுது," என்றாள்.

கார் பாலத்தைத் தாண்டியதும், "நாளைக்கு," என்றார் ரூனே.

மறுநாள் புதன். ரூனே தன் அலமாரியைத் திறந்து ஆல்கோட்டின் போல்ட்டை எடுத்து, பழைய ஃபிளானல் துணியில் சுற்றிக் கோட்டின் இடது பையில் வைத்துக்கொண்டார். மைக்கென் காரை எடுத்தாள். பாலத்துக்கு இந்தப் பக்கமே, "கடைக்குத் திருப்பு. வீட்டுல ரொட்டி இல்ல," என்றார். ரொட்டி இருந்தது. அவள் திருப்பினாள். வியாழக்கிழமை சிக்னே துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைத்தாள். எண்ணெய் போட்டு வைத்திருந்த இருநூற்று எண்பத்து நான்கும் அதோடு போயிற்று.

இது ஜனவரி. ஸ்ட்ரோம்சுந்தில் ஒரு வீடு. மரவெட்டி ஒருவர் இறந்து மூன்று வாரம். மகள் துப்பாக்கியை நீட்டுகிறாள். ரூனே போல்ட்டை உருவுகிறார். கை வழக்கம்போல இடது பைக்குப் போகிறது. பையின் வாயருகே நிற்கிறது. உள்ளே ஏற்கெனவே ஏதோ கனமாகத் தொங்குகிறது; கோட்டு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருப்பதை மைக்கென் வாசலிலேயே கவனித்திருந்தாள்.

ரூனே போல்ட்டை மற்றக் கைக்கு மாற்றி, வலது பையில் போட்டுக்கொண்டு உட்காருகிறார்.